விதை எண்

அந்த மூன்று அலைகளையும் அழித்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. அழிக்கச் சொல்லி நிரலில் வரி எழுதியவள் நான். அந்த வரி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது.

2018 ஆகஸ்ட். நியூசிலாந்தில் குளிர்காலம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்காக அங்கே போய் ஆறு மாதம் ஆகவில்லை. மீக்கணினியில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரே லேசர் துடிப்பை ஓர் ஒளியிழைக்குள் ஆயிரம் முறை அனுப்பிப் பார்ப்பது. நிஜ இழையில் அல்ல, கணக்கில். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் எங்கள் பேச்சில் 'ரன்' என்று பெயர். மாலையில் ஆயிரம் ரன்களையும் வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் முடிவுகள் வந்திருந்தன. எல்லாக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் வரைந்து, நடுவே சராசரியைக் கறுப்பில் இழுத்து, அச்செடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன். படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. மூலையில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஆயிரம் அனுப்பினாய். இங்கே 997 என்று இருக்கிறதே, மீதி மூன்று?"

"அவை உடைந்துபோன ரன்கள். எடுத்துவிட்டேன்."

"உடைந்ததென்று யார் சொன்னது?"

சொன்னது என் நிரல். மடிக்கணினியில் பழகிக்கொண்டிருந்த நாள்களில், கணக்கின் படி அளவைப் பெரிதாக வைத்துவிட்டால் எண்கள் வெடித்துச் சிதறும். ஒளியின் திறன் கோடி கோடியாக ஏறி, கடைசியில் கணினியே 'இது எண் அல்ல' என்று கைவிரித்துவிடும். அந்தக் குப்பையைக் கூட்டிப் பெருக்கி அலுத்துப்போய், உச்சத் திறன் ஓர் அளவைத் தாண்டினால் அந்தக் கோப்பை அழித்துவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அளவு எவ்வளவு என்று யோசித்து வைக்கவில்லை. 'இதற்கு மேல் எங்கே போகப் போகிறது' என்று ஒரு குத்துமதிப்பு.

பேராசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நீ எதைத் தேடி இங்கே வந்தாய்?" என்று மட்டும் கேட்டார். முறத்தில் போட்டுப் புடைத்துப் பதரென்று தள்ளியதில் நெல்லும் போயிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் தேடி வந்தது முரட்டு அலைகளை. ஆங்கிலத்தில் ரோக் வேவ் என்பார்கள். கூட்டத்தை விட்டுப் பிரிந்து மூர்க்கமாகத் திரியும் யானையைச் சொல்லும் அதே சொல். நடுக்கடலில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சுவர்போல் ஓர் அலை எழும் என்று மாலுமிகள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதைக் குடிகாரன் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில், நார்வேக்குச் சொந்தமான ட்ராப்னர் என்ற எரிவாயு மேடையில், கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்த லேசர் கருவி ஓர் அலையைப் பதிவு செய்தது. உயரம் 25.6 மீட்டர். அந்த நேரத்தில் சுற்றியிருந்த கடலின் அலை உயரக் கணக்கு ஏறக்குறைய 12 மீட்டர். 'அலை உயரக் கணக்கு' என்றால், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சராசரி போடுவது. அந்தச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எழுந்தால்தான் முரட்டு அலை. ட்ராப்னர் அலை அந்தப் பரீட்சையில் தேறியது. அதோடு மாலுமிகளின் கதையும் தேறியது.

இது எப்படி ஒளியிழைக்குள் வந்தது? ஆழ்கடலில் அலைத்தொகுதி எப்படி நகர்கிறது என்பதற்கு 1968இல் சோவியத் அறிஞர் ஸகாரவ் ஒரு சமன்பாட்டை வருவித்தார். 1973இல் பெல் ஆய்வகத்தில் ஹசேகவாவும் டாப்பர்ட்டும் கண்ணாடி இழைக்குள் ஒளித்துடிப்பு எப்படி நகரும் என்று எழுதிப் பார்த்தபோது அதே சமன்பாடு வந்து நின்றது. நேரிலா ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்று அதற்குப் பெயர். அதில் இரண்டே காரியங்கள். ஒன்று, வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் துடிப்பு அகன்று கலைந்துபோகப் பார்க்கும். இன்னொன்று, ஒளி கூடுதலாக இருக்கும் இடத்தில் கண்ணாடியின் தன்மையே மாறி, துடிப்பு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளப் பார்க்கும். இந்த இழுபறி சரிசமமாக நிற்கும்போது பிறப்பது சொலிட்டான்: எவ்வளவு தூரம் போனாலும் உருக்குலையாத ஓர் ஒற்றைத் துடிப்பு.

2007 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து டேனியல் சொல்லி, கிளாஸ் ரோப்பர்ஸ், பிரகாஷ் கூநாத், பஹ்ராம் ஜலாலி ஆகிய நால்வரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லேசர் துடிப்புகளை இழைக்குள் செலுத்தி, வெளியே வரும் நிறமாலையைத் துடிப்பு துடிப்பாக அளந்திருந்தார்கள். அதுவரை எல்லோரும் வைத்திருந்த நிறமாலைக் கருவிகள் எண்ணற்ற துடிப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சராசரியைத்தான் காட்டும். இவர்கள் ஒவ்வொரு துடிப்பையும் நீண்ட இழையொன்றில் ஓடவிட்டு, நிறங்களைக் காலத்தில் இழுத்து விரித்து, வேகமான அலைக்காட்டியில் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பெரும்பாலான துடிப்புகள் சொல்லிவைத்ததுபோல் ஒரே மாதிரி இருந்தன. எங்கோ ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் பல மடங்கு எழும்பி நின்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒளியின் முரட்டு அலை.

அந்தக் கட்டுரையை இளநிலைப் படிப்பில் படித்துவிட்டுத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். வந்து செய்த முதல் காரியம், அதே சராசரிக் கருவிகளின் வேலை. இதில் கூச்சம் தந்த விஷயம் ஒன்று உண்டு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்தில் மூன்றைச் சேர்த்தாலும் நீக்கினாலும், என் படத்தின் கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அசையாது. அந்த மூன்றும் இல்லாமலேயே என் படம் முழுமையானதாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு அழகாக இருந்தது.

சரி, அந்த மூன்று ரன்களை மட்டும் மறுபடி ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அதற்கான காரணம் இன்னொரு வெட்கக்கேடு.

எங்கள் கணக்கில் எல்லா ரன்களுக்கும் துடிப்பு ஒன்றே: 5 பைக்கோ நொடி அகலம், 100 வாட் உச்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 1060 நானோமீட்டர். இழையும் ஒன்றே, 20 மீட்டர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடை மாதிரி காற்றுத் துளைகளும் நடுவில் சில மைக்ரான் கண்ணாடியும் இருக்கும் வகை. 1996இல் பிரிட்டனில் பிலிப் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் செய்து காட்டியது. ரன்னுக்கு ரன் மாறுவது இரைச்சல் மட்டும். ஒளிக்குக் குவாண்டம் இயல்பிலேயே ஒரு நடுக்கம் உண்டு. லேசரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது போகாது. கணக்கில் அதைக் கொண்டுவர, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒரே ஒரு ஒளித்துகள் அளவு ஆற்றலைத் தூவி, அது அலையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் குருட்டாம்போக்கில் விட்டுவிடுவோம். ஒரு துடிப்பில் கோடிக்கணக்கான ஒளித்துகள்கள். அதில் இந்த ஒற்றைத் துகள்கள் கடலில் கரைத்த பெருங்காயத்துக்கும் காணாது.

கணினிக்குக் குருட்டாம்போக்கு என்பதே கிடையாது. அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து தாறுமாறாகத் தோன்றும் எண்களை அது வரிசையாக முளைக்கவைக்கும். அந்த முதல் எண்ணுக்குப் பெயர் விதை. அதே விதையைப் போட்டால் அதே தாறுமாறு, ஒரு புள்ளி பிசகாமல் திரும்ப வரும். நான் விதை எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ரன் எந்த நுண்நொடியில் தொடங்குகிறதோ அதுதான் விதை. எடுத்த எண்ணை எங்கேயும் குறித்துவைக்கச் சொல்லவில்லை.

மூன்று அலைகள் வந்தன, போயின. எந்த விதையிலிருந்து முளைத்தன என்று தெரியாது. கடலில் வந்துபோன அலைக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே இல்லாமல் செய்துவிட்டேன். கணினியின் ஒரே வசதியை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

மீக்கணினி எதற்கு என்று அப்பா ஒருமுறை கேட்டார். "ஒரு கணக்குப் போட அவ்வளவு பெரிய மெஷினா?" ஒரு கணக்குக்கு வேண்டியதில்லை. 20 மீட்டர் இழையை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக நறுக்கினால் இரண்டு லட்சம் படிகள். ஒவ்வொரு படியிலும் துடிப்பு 16,384 புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். நிறங்கள் பிரிந்து ஓடுவதைக் கணக்கிட அதிர்வெண் பக்கம் சுலபம், கண்ணாடி மாறுவதைக் கணக்கிடக் காலத்தின் பக்கம் சுலபம். ஆகவே படிக்குப் பலமுறை அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு விட வேண்டும். படகு, 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியர் உருமாற்றம். இதெல்லாம் முடிய என் மடிக்கணினிக்கு நாற்பது நிமிடம் ஆகும். ஒரு ரன் என்றால் சமாளிக்கலாம். ஆயிரத்துக்கு இருபத்தெட்டு நாள். அபூர்வத்தைப் பற்றி வாய்திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஐம்பதாயிரமாவது வேண்டும். அதற்கு இரவு பகல் பாராமல் மூன்றேமுக்கால் ஆண்டுக்கு மேல். என் உதவித்தொகையே மூன்று ஆண்டுக்குத்தான்.

ஒரு ரன்னுக்கு இன்னொரு ரன்னோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது நல்ல வசதி. ஆயிரம் பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு விடைத்தாளைக் கொடுப்பதுபோல் பிரித்துக் கொடுத்துவிடலாம். எங்கள் விடைத்தாள்கள் போன இடம் வெலிங்டன். அங்கே எவன்ஸ் விரிகுடாவின் ஓரத்தில், கிரேட்டா பாயின்ட்டில், தேசிய நீர், வளிமண்டல ஆய்வு நிலையத்தின் வளாகத்தில் அந்த ஆண்டு இரண்டு புதிய கிரே மீக்கணினிகள் வந்திருந்தன. ஒன்றுக்கு மாவுயி என்று பெயர், மற்றதற்கு மஹுயிக்கா. இரண்டும் மாவோரி புராணப் பெயர்கள். மஹுயிக்கா நெருப்பைத் தன் விரல் நகங்களில் வைத்திருந்த தேவி. அவளிடமிருந்து ஒவ்வொரு நகமாக வாங்கி வந்து மனிதருக்கு நெருப்பைக் கொடுத்தவன் மாவுயி. என் ரன்களெல்லாம் மஹுயிக்காவில் ஓடின. ஒவ்வொரு மாலையும் ஆயிரம் வேலைகளை வரிசையில் போட்டுவிட்டு, 'காத்திருப்பு' என்ற நிலை ஒவ்வொன்றாக 'ஓடுகிறது' என்று மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேருந்து நிலையத்தில் ஊர்ப் பலகை மாறுவதைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

பயிற்சி வகுப்பொன்றுக்காக ஒருமுறை வெலிங்டன் போனபோது அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று. குடை வைத்திருந்தவர்கள் யாருமில்லை, அதற்கு அங்கே வேலையில்லை. விரிகுடாவில் அலைகள் நுரைத்துக்கொண்டு கரைச்சுவரில் மோதின. கடலலையை முன்கூட்டிச் சொல்லப் பிறந்த இடத்தில் என் கண்ணாடி அலைகளும் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நினைக்க வேடிக்கையாக இருந்தது.

செப்டம்பரில் அந்த அரக்கன் வந்தான்.

இம்முறை எந்த ரன்னையும் அழிக்கவில்லை, எல்லா விதைகளும் நோட்டிலும் கோப்பிலும் இருந்தன. ஒரு ரன்னில், இழையின் பதினெட்டாவது மீட்டர் அருகே ஒரு முகடு, நான் அதுவரை பார்த்த எதையும்விட உயரம். கை நடுங்கியது. ஆனாலும் சூடு கண்ட பூனை நான். உடனே பேராசிரியரிடம் ஓடவில்லை. சோதித்தேன். படி அளவைப் பாதியாக்கி அதே விதையில் ஓட்டினேன். முகடு அப்படியே வந்தது. இன்னும் பாதியாக்கினேன். அசையவில்லை. அடுத்து ஒளித்துகள் எண்ணிக்கை. இழைக்குள் ஒளி சிவப்புப் பக்கம் நகரும்போது ஆற்றலில் கொஞ்சத்தைக் கண்ணாடிக்கு அழுதுவிட்டுப் போகும். ஆனால் தலைகளின் எண்ணிக்கை குறையாது. கணக்கு சரியாக ஓடியிருந்தால் உள்ளே போன தலைகளும் வெளியே வந்த தலைகளும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருந்தன. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

பேராசிரியர் ரன்னை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டுப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு பென்சிலால் திரையின் வலது ஓரத்தைத் தொட்டார். "இங்கே ஒன்று வெளியே போகிறதே, அது எங்கே போனது?" பென்சில் இடது ஓரத்துக்கு வந்தது. "இங்கே ஒன்று உள்ளே வருகிறதே, அது எங்கிருந்து வந்தது?"

ஃபூரியர் படகு காலத்தை ஒரு வளையமாகத்தான் பார்க்கும். என் காலச் சன்னலின் அகலம் 40 பைக்கோ நொடி. அதன் வலது விளிம்பும் இடது விளிம்பும் அதற்கு ஒன்றே. சிவப்புப் பக்கம் நகர்ந்த ஒரு சொலிட்டான் மற்றவற்றைவிட மெதுவாகப் போய்ப் பின்தங்கி, பின்தங்கி, வலது விளிம்பு வழியாக வெளியேறி, இடது விளிம்பு வழியாக உள்ளே நுழைந்து, தன் சொந்தக் கூட்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து முட்டியிருக்கிறது. நிஜ இழையில் அந்த மோதல் நடக்கவே நடக்காது. முன்வாசல் வழியாகப் போனவன் கொல்லைப்புறமாக வந்து நிற்பதை, புதிய விருந்தாளி என்று நான் பந்தி போட்டிருக்கிறேன். அந்தப் பொய்யில் ஒளித்துகள் ஒன்றுகூடக் குறையாது, படியைப் பாதியாக்கினாலும் பொய் அதே பொய்தான். என் இரண்டு சோதனைகளும் அதைப் பிடிக்கவே முடியாதவை. சன்னலை 80 பைக்கோ நொடியாக அகலமாக்கி அதே ஆரம்ப இரைச்சலோடு ஓட்டினேன். அரக்கனைக் காணோம்.

செப்டம்பர் வரை ஓட்டிய அத்தனையையும் அகலச் சன்னலில் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. எனக்கென்று ஒதுக்கியிருந்த கணினி நேரத்தில் பெரும்பங்கு அதிலேயே கரைந்தது. அதைவிட உறுத்தியது வேறொன்று. முதலில் அழித்த மூன்றும் உண்மையான முரட்டு அலைகளா, அல்லது கொல்லைப்புறமாக வந்தவையா? விதை இருந்திருந்தால் நாற்பது நிமிடத்தில் தெரிந்திருக்கும். இன்றுவரை தெரியாது. ஓர் அபூர்வத்தை இழக்க இரண்டு வழிகள் உண்டு. கோளாறு என்று நினைத்து எறிந்துவிடலாம், கோளாறை அபூர்வம் என்று கொண்டாடிவிடலாம். ஆறே வாரத்தில் நான் இரண்டையும் செய்து முடித்திருந்தேன்.

அந்த ஆண்டு மே மாதம் அம்மா தொலைபேசியில் பேசியது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

"ஏண்டி, டிவில சொல்றான், உங்க ஊர்ப் பக்கம் எட்டு மாடி உசரத்துக்கு அலை வந்துச்சாம். நீ ஏதோ பெரிய அலையப் பத்திப் படிக்கப் போறேன்னுதான சொன்ன? கடல் பக்கம் போயிராத."

"அம்மா, அது ரொம்பத் தெக்க, ஆளே இல்லாத தீவுகிட்ட. என் அலை கண்ணாடி இழைக்குள்ள இருக்கு. ஒரு முடியில பத்துல ஒரு பங்குகூட வராது."

"அதுக்கா அவ்வளவு தூரம் போன?"

அம்மா சொன்ன அலை, 2018 மே 8 அன்று கேம்பெல் தீவருகே ஒரு மிதவை பதிவு செய்தது. 23.8 மீட்டர். தென்கோளத்தில் அதுவரை பதிவான அலைகளிலேயே உயரம். மெட்ஓஷன் சொல்யூஷன்ஸ் நிறுவனம் போட்டிருந்த மிதவை அது. அப்போது அந்தக் கடலின் அலை உயரக் கணக்கே 14.9 மீட்டர். ஆகவே எட்டு மாடி எழுந்தாலும் இரண்டு மடங்கைத் தொடவில்லை, எங்கள் இலக்கணப்படி அது முரட்டு அலை இல்லை. பேய்ப்புயலில் வந்த பேரலை. முரடு என்பது உயரத்தில் இல்லை, அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் நிற்பதில் இருக்கிறது. இன்னொரு செய்தி என்னை அதைவிட யோசிக்கவைத்தது. அந்த மிதவை சூரிய ஒளியில் இயங்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் மட்டுமே அளந்தது. மீதி இரண்டு மணி நாற்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய அலை அந்த இடைவெளியில் வந்துபோயிருந்தால் யாருக்கும் தெரியாது. மிதவைக்காவது மின்சாரம் இல்லை என்ற நியாயம் உண்டு. நான் எல்லாவற்றையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தவறவிட்டேன்.

அடுத்த ஆண்டு நடுவில், ஐம்பதாயிரம் ரன்கள் முடிந்த பிறகு, எல்லாச் சோதனைகளையும் தாண்டி விரல்விட்டு எண்ணும்படி சில நின்றன. அவற்றில் ஒன்றின் விதை 31847. அதை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

முதல் சில மீட்டர்களில் ஒன்றுமே நடக்காது. துடிப்பு வழவழப்பான குன்றாக நிற்கும். கோடு நடுங்குகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அவ்வளவுதான். பிறகு குன்றின் உச்சியில் சீப்பின் பற்கள்போல் வரி விழும். கரைத்த பெருங்காயம் என்று சொன்னேனே, அந்த ஒற்றைத் துகள்களின் நடுக்கத்தைத் துடிப்பு தன் ஆற்றலைக் கொடுத்து வளர்த்திருக்கிறது. கடலலைக்கு நடக்கும் என்று 1967இல் பெஞ்சமினும் ஃபெய்ரும் காட்டியது இதைத்தான். இன்னும் போனால் பற்கள் பிரிந்து தனித்தனிச் சொலிட்டான்கள் ஆகும். குட்டையும் நெட்டையுமாக ஒரு கூட்டம். கண்ணாடியின் ராமன் விளைவு ஒவ்வொன்றையும் சிவப்புப் பக்கம் தள்ளும். குறுகி உயர்ந்த சொலிட்டானை அதிகமாகத் தள்ளும். சிவக்கச் சிவக்க வேகம் குறையும். ஆகவே நெட்டைகள் பின்தங்கி, பின்னால் வருகிற குட்டைகள்மேல் மோதும். மோதும்போதெல்லாம் குட்டையிடமிருந்து கொஞ்சம் ஆற்றல் நெட்டைக்குக் கைமாறும். இருப்பவனுக்கே மேலும் சேரும். 31847இல் ஒரு சொலிட்டானுக்கு ஆரம்பத்திலேயே ஒரு மோதல் வாய்த்தது. அதில் சேர்ந்தது அடுத்த மோதலில் கைகொடுத்தது. இழை முடியும்போது அது கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகி, ஆழ்ந்த சிவப்பில், தனியாக நின்றது.

அதன் ஆரம்ப இரைச்சலை எடுத்து, பக்கத்தில் 31846இன் இரைச்சலை வைத்து, வாரக்கணக்கில் பார்த்தேன். இதில்தான் ரகசியம் இருக்கிறது என்று சுட்டும்படி கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இரண்டும் ஒரே புழுதி. தனிச் சமன்பாடு கிடையாது, தனி விதி கிடையாது. 31846ஐச் சாதாரணமாக்கிய அதே இரண்டு லட்சம் படிகள்தான் 31847ஐ முரடாக்கின. முரட்டு அலையை விதிவிலக்கு என்கிறோம். விதிவிலக்காக ஒன்றுமே நடக்கவில்லை என்பதைத்தான் அந்த ஐம்பதாயிரம் ரன்களும் எனக்குக் காட்டின. விதியை முழுதாக ஓடவிட்டால் இதுவும் அதற்குள்தான் இருக்கிறது. நாம்தான் போதுமான தடவை ஓடவிடுவதில்லை.

இதை அப்படியே கடலுக்கும் பொருத்தி ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதினேன். பேராசிரியர் அடித்துவிட்டார். "இழைக்குள் போக ஒரே திசைதான். கடலில் அலைகள் நாலா பக்கமிருந்தும் வருகின்றன. அங்கே முரட்டு அலை எப்படிப் பிறக்கிறது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. கடலைச் சொல்லி ஒளிக்கு விளம்பரம் தேடாதே." அடித்த பத்தியை நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அந்த டிசம்பரில் விடுமுறைக்கு விருதுநகர் வந்திருந்தேன். ஒரு சாயங்காலம் அம்மா, "அந்த அலையத்தான் காட்டேன்" என்றார். மீக்கணினியெல்லாம் வேண்டாம், ஒரு ரன்னுக்கு மடிக்கணினியே போதும். சமையலறைத் திட்டில் வைத்து 31847 என்று தட்டினேன். அம்மா குக்கரில் பருப்பு வைத்து, தாளித்து, குழம்பைக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டு வரவும் நாற்பது நிமிடம் முடியவும் சரியாக இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இந்தா, ஒத்தையா நிக்குதே, இதா?"

"இதான்."

"எப்பப் போட்டாலும் வருமா?"

"இந்த நம்பரப் போட்டா எப்பவும் வரும்."

"கூப்பிட்டப்பெல்லாம் வருதுன்னா, அப்புறம் என்ன அபூர்வம்?"

பிறகு நடந்த ஆய்வேட்டுத் தேர்வில்கூட யாரும் அப்படிக் கேட்கவில்லை. அலை அபூர்வமில்லை, அதன் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் அபூர்வம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அம்மாவுக்கு அது ஏற்கவில்லை. "அப்ப நான் ஒரு நம்பர் சொல்றேன், போடு" என்றார். ரேஷன் கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவை வேலையை விட்டுவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டுத் திரைமுன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். குன்று நின்றது, வரி விழுந்தது, பற்கள் பிரிந்தன, குட்டையும் நெட்டையும் மோதின. நாற்பதாவது நிமிடம் எல்லாம் ஓரளவு உயரத்தில், அக்கம்பக்கத்தோடு ஒட்டியபடியே வெளியே வந்து நின்றன.

"போகட்டும்," என்று எழுந்தார் அம்மா. "ரேஷன்ல என்னைக்கு நமக்குக் கூடப் போட்டிருக்கான்?"

அவர் நகர்ந்ததும் நோட்டை எடுத்தேன். தேதியையும் அந்த நான்கு எண்களையும் எழுதி, பக்கத்தில் 'சாதாரணம்' என்று குறித்தேன். முன்பென்றால் இதற்கெல்லாம் ஒரு வரியைச் செலவழித்திருக்க மாட்டேன்.